வெயிலில் அழியும் பெயர்கள்: பெயின்ற் மாக்கர் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

சின்னம்மாவின் மகனுடைய படத்துக்குக் கீழே பெயரை எழுதிக் கொடுத்தது நான்தான். வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய சில வாரங்களில், சின்னம்மாவும் அங்கு போய் இருக்கத் தொடங்கியிருந்தார். படத்தைப் பெரிதாக்கி லமினேற் செய்து கொடுத்துவிட்டார்கள், பெயரைத்தான் விட்டுவிட்டார்கள். பக்கத்துப் புத்தகக் கடையில் ‘நிரந்தர மாக்கர்’ என்று சொல்லித் தந்த கறுப்புப் பேனை ஒன்றும் சிவப்புப் பேனை ஒன்றும் வாங்கினேன். பெயரைக் கறுப்பில் எழுதினேன். வட்டுவாகல் என்ற இடத்தையும் 2009 மே என்ற காலத்தையும் சிவப்பில் எழுதினேன்.

மழைக்காலம் வருமுன்னரே சிவப்பு வெளிறிவிட்டது. கறுப்பு ஊதாவாகி, பிறகு மங்கிய மண்ணிறமாகியது. கொரோனா காலத்தில் கைக்கு சனிற்றைசர் பூசிக்கொண்டு படத்தைப் பிடித்தபோது, மிச்சமிருந்த எழுத்தும் விரலோடு வந்துவிட்டது. படம் இருந்தது, யாருடைய படம், எங்கே, எப்போது என்பது இல்லை. சின்னம்மா கோபப்படவில்லை. திரும்ப எழுதித் தரும்படி மட்டும் கேட்டார்.

அதே பேனையால் திரும்ப எழுதினால் அதே கதைதான் நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எந்தப் பேனை, எந்த மேற்பரப்பில், எவ்வளவு காலம் நிற்கும் என்று தேட வேண்டியிருந்தது. போராட்டக் கொட்டில்களுக்கு மட்டுமல்லாமல் வீட்டுக்கும், தோட்டத்துக்கும், கடற்கரைக்கும் பயன்படும் என்பதால், அந்தத் தேடலில் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

‘நிரந்தர’ மாக்கர் ஏன் நிரந்தரமில்லை

புத்தகக் கடைகளில் நிரந்தர மாக்கர் என்று விற்கப்படும் பேனைகள் பெரும்பாலானவற்றில் இருப்பது சாயம். மதுசாரம் போன்ற விரைவில் ஆவியாகும் திரவத்தில் கரைந்த நிலையில் அந்தச் சாயம் இருக்கும். எழுதியதும் திரவம் ஆவியாகிவிட, சாயமும் அதைப் பிடித்துவைக்கும் சிறிதளவு பிசினும் மேற்பரப்பில் தங்கிவிடும். தண்ணீரில் கரையாது என்பதால்தான் அதற்கு ‘நிரந்தர’ என்று பெயர். வெயிலுக்கும் மதுசாரத்துக்கும் அந்தப் பெயர் பொருந்தாது. சனிற்றைசரில் இருப்பது மதுசாரம். பேனைக்குள் சாயத்தைக் கரைத்த அதே வகைத் திரவம்தான் எங்கள் கைகளிலும் இருந்தது.

வெயிலில் நடப்பது வேறு. சாயத்தின் நிறம் அதன் மூலக்கூறின் அமைப்பிலிருந்து வருகிறது. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் அந்த மூலக்கூறை உடைக்கும்போது நிறமும் போய்விடுகிறது. சிவப்பாகத் தெரியும் பொருள், ஒளியில் சக்தி கூடிய நீலப் பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. பழைய விளம்பரப் பலகைகளில் நீலமும் கறுப்பும் தெரிய, சிவப்பு மட்டும் இளஞ்சிவப்பாக வெளிறிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். முக்கியமான விபரத்தைச் சிவப்பில் எழுதினால் எடுப்பாகத் தெரியும் என்று நினைத்தேன். அதுவே முதலில் போனது.

பெயின்ற் மாக்கரில் என்ன இருக்கிறது

பெயின்ற் மாக்கர் பார்வைக்கு மாக்கர் போலவே இருந்தாலும் உள்ளே இருப்பது பெயின்ற். அதில் மூன்று பொருட்கள் உண்டு. நிறம் தருவது நிறமி. இது திரவத்தில் கரையாத மிக நுண்ணிய தூள். அந்தத் தூளை மேற்பரப்போடு ஒட்டிவைப்பது பிசின். இரண்டையும் எழுதக்கூடிய பதத்தில் வைத்திருப்பது கரைப்பான்.

நிறமி கரையாத தூள் என்பதில்தான் பலனும் சிரமமும் உள்ளன. வெள்ளைக்குப் பயன்படும் டைற்றேனியம் டையொக்சைட்டையும், கறுப்புக்குப் பயன்படும் கரித்தூளையும் வெயில் எளிதில் வெளிறச் செய்யாது. தூள் ஒளியை மறைப்பதால் கறுப்புத் துணியிலும் நீலத் தகரத்திலும் வெள்ளை எழுத்து வெள்ளையாகவே தெரியும். சாய மாக்கரால் அது முடியாது. சிரமம் என்னவென்றால், பேனை சும்மா கிடக்கும்போது தூள் அடியில் படிந்துவிடும். அதனால்தான் பேனைக்குள் சிறிய உருண்டை ஒன்று வைத்திருக்கிறார்கள். குலுக்கும்போது ‘கடகட’ என்று கேட்பது அதுதான்.

முனைக்குப் பின்னால் ஒரு வால்வு உண்டு. முனையை அழுத்தும்போது அது திறந்து பெயின்ற்றை விடும். அழுத்தத்தை எடுத்தால் மூடிக்கொள்ளும். சைக்கிள் ரியூப் வால்வை நினைத்துக்கொண்டால் விளங்கும்.

இந்தப் பேனைகளின் வரலாறு நீண்டதல்ல. 1950களில் அமெரிக்காவில் மாக்கர்கள் விற்பனைக்கு வந்தன. 1962இல் ஜப்பானில் யுகியோ ஹொரியே நார்முனைப் பேனையை உருவாக்கினார். 1964இல் அமெரிக்காவில் ஷார்பி வந்தது. யூனி என்ற பெயரில் பேனைகளைச் செய்யும் ஜப்பானின் மிற்சுபிஷி பென்சில் நிறுவனம், தண்ணீரில் கலந்த பெயின்ற் கொண்ட பொஸ்கா பேனையை 1983இல் வெளியிட்டது. கார் செய்யும் மிற்சுபிஷிக்கும் இந்த நிறுவனத்துக்கும் தொடர்பில்லை.

இரண்டு வகைகள்

கடையில் கேட்டு வாங்கும்போது இந்த வேறுபாடு முக்கியம்.

முதலாவது, எண்ணெய் வகை. இதன் கரைப்பான் பெரும்பாலும் சைலின் அல்லது அதையொத்த திரவம். தின்னர் போல மூக்கில் ஏறும் மணம் இருக்கும். இரும்பு, கண்ணாடி, வழுவழுப்பான கல், பல வகைப் பிளாஸ்ரிக்குகள் ஆகியவற்றில் நன்றாகப் பிடிக்கும். மழையில் கரையாது. சைலின் சேராத வகைகளும் இப்போது வருகின்றன.

இரண்டாவது, தண்ணீர் வகை. இதில் பிசினாக இருப்பது அக்ரிலிக். மணம் குறைவு, பிள்ளைகள் பயன்படுத்தலாம். துணி, மரம், கடதாசி மட்டை, சீமெந்துச் சுவர் போன்ற உறிஞ்சும் பொருட்களில் ஊறிக் காய்ந்தால் நிலையாக நிற்கும். கண்ணாடி, தகரம் போன்ற வழுவழுப்பானவற்றில் எழுதினால் நகத்தால் சுரண்டி எடுத்துவிடலாம். அங்கே மேலே ஒரு வார்னிஷ் படை தேவை.

எழுதும் முறை

மூடியைக் கழற்றாமல் ஒரு நிமிடமாவது நன்றாகக் குலுக்குங்கள். முதல்தடவை திறக்கும்போது முனையை மேல்நோக்கிப் பிடித்து மெதுவாக ஒருமுறை அழுத்துங்கள். எங்கள் வெப்பத்தில் பேனைக்குள் காற்று அமுக்கம் கூடியிருக்கும். கீழ்நோக்கித் திறந்தால் பெயின்ற் சீறிக்கொண்டு வரும். பிறகு கழிவுக் கடதாசி ஒன்றில் முனையை அழுத்தி அழுத்தி எடுத்து, பெயின்ற் முனைவரை வந்த பின்னர் எழுதத் தொடங்குங்கள். படத்தின் மேலேயே அழுத்திப் பார்க்கக் கூடாது. ஒரு சொட்டு விழுந்தால் எழுத்து முழுவதும் கெட்டுவிடும்.

எழுதும் இடத்தில் தூசும் எண்ணெய்ப்பசையும் இருக்கக் கூடாது. பாமசியில் வாங்கும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவிட்டு எழுதுங்கள். துடைத்த இடத்தில் மறுபடி விரல் படவிடாதீர்கள். சில நிமிடங்களில் காய்ந்தது போலத் தெரியும். ஆனாலும் ஒரு நாள் முழுவதும் நிழலில் வைத்த பின்னரே வெளியே கொண்டுபோவது நல்லது. பேனையைப் படுக்கையாக வைத்தால் தூள் ஒரு பக்கம் அடைக்காது.

எந்த மேற்பரப்பில் எது

லமினேற் செய்த படம்: லமினேற் உறையின் வெளிப்புறம் பொலியெஸ்ரர் படலம். ஸ்பிரிட்டால் துடைத்த பின் எண்ணெய் வகைப் பெயின்ற் மாக்கர் இதில் நன்றாகப் பிடிக்கும். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால், எழுதப்போகும் பட்டையை மட்டும் மிக நைசான சாண்ட் பேப்பரால் இலேசாக உரசி மங்கலாக்கிக்கொள்ளுங்கள். முகத்தின் மேல் உரசிவிடாதீர்கள். கறுப்பை அல்லது கரும்பின்னணியில் வெள்ளையைத் தேர்ந்தெடுங்கள். லமினேற் செய்துவிட்டோம், இனி நிறம் போகாது என்று எண்ண வேண்டாம். அது தண்ணீரைத் தடுக்கும். வெயிலை உள்ளே விடும்.

துணிப் பதாகை: தண்ணீர் வகைதான் சரி. எண்ணெய் வகை துணியில் பரவி, எழுத்தைச் சுற்றி எண்ணெய் வளையம் போட்டுவிடும். துணிக்குக் கீழே கடதாசி மட்டை வைத்து எழுதுங்கள். காய்ந்த பின்னர் துணியைப் புரட்டி, மேலே வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து ஸ்திரிப்பெட்டியால் தேய்த்தால் கழுவினாலும் இலகுவில் போகாது.

தண்ணீர்க் கலனும் தறப்பாளும்: இவை பொலியெதிலீன். இந்தப் பிளாஸ்ரிக்கில் எந்தப் பெயின்றும் உண்மையில் பிடிக்காது. கலனின் அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 4 என்ற இலக்கம் இருந்தால் அது இந்த வகையைச் சேர்ந்தது. ஒரு துளி தண்ணீரை விட்டுப் பாருங்கள். பரவாமல் முத்துப்போல உருண்டு நின்றால் பெயின்ற்றும் அப்படித்தான் நிற்கும். காய்ந்ததும் செதில் செதிலாக உரியும். 2009இல் செட்டிக்குளம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் வைத்த கலன்களில் எங்கள் பெயரை எழுதி எழுதி அம்மா களைத்துப்போனார். கடைசியில் பழைய சேலைத் துண்டொன்றைக் கைபிடியில் கட்டிவிட்டார். அம்மா செய்ததுதான் சரி என்று இப்போது விளங்குகிறது. கலனில் அடையாளம் வேண்டுமென்றால் சூடாக்கிய கம்பியால் வெளிப்புறத்தில் மேலோட்டமாகக் கீறுங்கள். அல்லது எழுதிய தகரத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

ரெஜிபோம்: மேடைக்கு எழுத்து வெட்டுபவர்களும், மிதப்புக்கு ரெஜிபோம் பயன்படுத்தும் கடற்றொழிலாளர்களும் கவனிக்க வேண்டும். எண்ணெய் வகை மாக்கரில் உள்ள சைலின் ரெஜிபோமைக் கரைத்துக் குழியாக்கிவிடும். தண்ணீர் வகை மட்டுமே ஏற்றது. கடலில் இறங்கும் மிதப்பில் அது நீண்ட நாள் நிற்காது. அதற்கும் கட்டிவிடும் அடையாளமே மேல்.

தகரமும் இரும்பும்: துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்த பின்னரே எழுத வேண்டும். துருவின் மேல் எழுதினால் துருவோடு எழுத்தும் உதிரும். புதுக் கூரைத் தகரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சு, எண்ணெய்ப் பெயின்ற்றுகளில் பரவலாக உள்ள அல்கைட் பிசினோடு வினைபுரிந்து இடையே சவர்க்காரம் போன்ற படையை உண்டாக்கும். சில மாதங்களில் எழுத்துக் கழன்றுவிடும். புதுத் தகரத்தை நன்றாகக் கழுவி, தண்ணீர் வகையால் எழுதி, காய்ந்தபின் வெளிப்பாவனைக்கான வார்னிஷ் பூசுங்கள். சைக்கிள் சட்டம், மண்வெட்டி, காஸ் சிலிண்டர் போன்றவற்றுக்கு எண்ணெய் வகை போதும்.

மரப்பலகை: முதலில் பிரைமர் ஒரு படை பூசுங்கள். இல்லாவிட்டால் மரம் பெயின்ற்றை உறிஞ்சி, எழுத்தின் விளிம்பு நார்நாராகப் பரவும்.

சீமெந்தும் கல்லும்: புதிதாகப் பூசிய சீமெந்தில் காரம் அதிகம். அது எண்ணெய்ப் பெயின்ற்றைத் தின்றுவிடும். ஒரு மாதமாவது காயவிட்டு, தண்ணீர் வகையால் எழுதுங்கள். வழுவழுப்பான கருங்கல்லில் எண்ணெய் வகை நிற்கும். ஆனால் கல்லில் பெயர் நிலைக்க வேண்டுமென்றால் செதுக்குவதே வழி. செதுக்கிய எழுத்துக்குள் பெயின்ற் மாக்கரால் நிறத்தை நிரப்பி, அது அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது, சிறு மரக்கட்டையில் சுற்றிய, தின்னரில் இலேசாக நனைத்த துணியால் மேற்பரப்பைத் துடைத்தால் எழுத்துக்குள் மட்டும் நிறம் தங்கும். பிறகு நிறம் மங்கினாலும் எழுத்து இருக்கும். அடுத்த ஆண்டு திரும்ப நிரப்பலாம். நடுகல்லையும் நினைவுக்கல்லையும் ஆண்டுதோறும் துப்புரவாக்கும் குடும்பங்களுக்கு இது பயன்படும்.

கண்ணாடி: எண்ணெய் வகை நன்றாகப் பிடிக்கும். பிளேட்டால் சுரண்டி எடுக்கவும் முடியும்.

ஒரேயொரு படம் இருந்தால்

இந்தக் கட்டுரையில் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மூலப் படத்தின் மேல் எந்த மாக்கராலும் எழுதாதீர்கள். மூலப் படத்தை லமினேற் செய்யாதீர்கள்.

இடப்பெயர்வுகளுக்குப் பிறகு பல வீடுகளில் ஒருவருக்கு ஒரு படம்தான் மிஞ்சியிருக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பது சாதாரண தரப் பரீட்சைக் காலத்தில் அடையாள அட்டைக்காக எடுத்த சிறிய படம். லமினேற் செய்வது சூட்டோடு ஒட்டுவது. ஒட்டியபின் படத்தைச் சேதமில்லாமல் திரும்ப எடுக்க முடியாது. மாக்கரின் கரைப்பானோ பின்பக்கத்தில் எழுதினால்கூட ஊறி முன்பக்கத்துக்கு வரலாம். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடுத்த படத்திலும் ஒட்டலாம்.

முதலில் பிரதி எடுங்கள். ஸ்கானர் உள்ள கடையில் செய்வது சிறந்தது. முடியாவிட்டால், நேரடி வெயில் படாத வெளிச்சமான நிழலில் படத்தைத் தட்டையாக வைத்து, பிளாஷ் இல்லாமல் கைத்தொலைபேசியால் நேர் மேலிருந்து எடுங்கள். அந்தக் கோப்புக்குப் பெயரும் ஆண்டும் இட்டு, வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ உள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். லமினேற் செய்வதும் எழுதுவதும் வெயிலில் பிடிப்பதும் பிரதியில் மட்டும் நடக்கட்டும்.

மூலப் படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் பெயரை எழுதலாம். பென்சிலின் கரி வெளிறாது; தண்ணீரில் கரையாது. பின்புறம் பிளாஸ்ரிக் போல வழுக்கினால் அதில் பென்சில் பிடிக்காது. அப்படியானால் முழுப்பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், நாள், கண்டவர் யார் என்பவற்றைத் தனித் தாளில் எழுதிக் கடித உறைக்குள் இடுங்கள். அதனோடு படத்தை வையுங்கள். மென்மையான பீவீசீ உறைகளும், பசை பூசிய தாள்களைக் கொண்ட பழைய அல்பங்களும் காலப்போக்கில் படத்தில் ஒட்டிக்கொள்ளும். அவற்றிலிருந்து எடுத்து வைப்பது நல்லது.

தேடி அலைந்த பெற்றோர் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அவர்களுடைய நினைவில் மட்டும் இருந்த விபரங்கள் அவர்களோடு போய்விட்டன. பெயரையும் திகதியையும் அழியாமல் எழுதி வைப்பது, இனி எந்த விசாரணைக்கும் அடுத்த தலைமுறை கொண்டுபோகக்கூடிய சான்று.

மூச்சையும் கவனியுங்கள்

சைலின் ஆவி தலையிடி, தலைச்சுற்று, கண் எரிவு ஆகியவற்றைத் தரும். தறப்பாளால் மூடிய கொட்டிலுக்குள் பத்துப் பேர் சேர்ந்து எண்ணெய் வகை மாக்கரால் எழுதுவது நல்லதல்ல. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்; ஆஸ்துமா உள்ளவர்களும் உண்டு. வெளியே காற்றுப்படும் இடத்தில் எழுதுங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் தண்ணீர் வகையோடு நிறுத்திக்கொள்ளட்டும். எண்ணெய் வகை தீப்பற்றக்கூடியது. விளக்குக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது. பூட்டிய வாகனத்துக்குள் வெயிலில் விட்டுவிடவும் கூடாது.

திரும்ப எழுதியது

சின்னம்மாவின் படத்துக்கு இந்த முறை புதிய பிரதி எடுத்தோம். கீழே கரும்பட்டை ஒன்று விட்டு அச்சடித்து லமினேற் செய்தோம். பட்டையை உரசி, ஸ்பிரிட்டால் துடைத்து, எண்ணெய் வகை வெள்ளை மாக்கரால் வாசலில் வைத்து எழுதினேன். பெயர், வட்டுவாகல், 2009 மே. எல்லாமே வெள்ளையில். ஒரு நாள் முழுக்கச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தோம், யாரும் தொடவில்லை. வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச தினமான ஓகஸ்ட் 30ஆம் திகதி ஊர்வலத்துக்கு அதையே கொண்டுபோனார். இரண்டு மழைக்காலம் கடந்தும் எழுத்து அப்படியே இருக்கிறது. ஓரத்தில் மட்டும் சிறிது தேய்ந்திருக்கிறது.

மிஞ்சிய மாக்கரைக் கொட்டிலுக்குக் கொடுத்துவிடும்படி சின்னம்மா சொன்னார். கொடுத்தபோது, போராட்டம் எத்தனையாவது நாள் என்று எழுதும் பலகைக்கு அதைப் பயன்படுத்தலாமா என்று ஒரு அம்மா கேட்டார். வேண்டாம் அம்மா, அதை நாளைக்கு அழித்து வேறு இலக்கம் எழுத வேண்டுமே, அதற்குச் சோக்கட்டி போதும் என்றேன். அவர் மாக்கரை வாங்கி, தன்னிடமிருந்த படத்தைத் திருப்பிப் பார்த்தார். அதில் சிவப்பில் எழுதியிருந்த திகதி ஏற்கெனவே பாதி போயிருந்தது.